பூஜைக்கு நிறுத்திய ஆலை

புருஷோத்தமனுக்கு இரண்டு ஆலைகள். ஒன்று ஒரகடத்தில், வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்வது. அங்கே அவர் தொழிலாளி. இன்னொன்று குன்றத்தூர் வீட்டுக் கம்ப்யூட்டரில், வீடியோ கேமுக்குள். அங்கே முதலாளி, மேனேஜர், மூட்டை தூக்குபவர் எல்லாம் அவரே. சுரங்கம் தோண்டி, இரும்பு உருக்கி, சரக்கு நகர்த்தப் பெல்ட் போட்டு, எந்திரத்தை வைத்தே எந்திரம் செய்யும் விளையாட்டு அது. கல்யாணமான புதிதில் தொடங்கியதை இன்றுவரை அவர் கைவிடவில்லை.

அந்த ஆலை அழகு என்று அவர் மனைவி கவிப்பிரியாகூடச் சொன்னதில்லை. இரும்பு பெல்ட்டும் செம்பு பெல்ட்டும் கிருத்திகை அன்று மலையடிவாரத்தில் மாட்டிக்கொண்ட வண்டிகளைப் போலப் பின்னிக் கிடக்கும். ஆனால் ஓடும்.

கவிப்பிரியாவின் தம்பி மணிகண்டபிரபுவும் அதே விளையாட்டை ஆடுபவன்தான். ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறான். ஒரு பெல்ட் கோணினால் போதும், மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். தொடங்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எஃகு என்ற பொருளைத்தான் அவன் ஆலை இன்னும் கண்டதில்லை. அப்படிப்பட்டவன் வரும்போதெல்லாம் மாமாவின் ஆலையை அழிக்கச் சொல்வான்.

புருஷோத்தமன் சாதுவான மனிதர். கேன்டீன் சாம்பாரையே மன்னித்தவர். ஆனால் 'புதுசா' என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகாது. காரணம் உண்டு. அந்த வருஷம் ஒரகடத்து ஆலையில் பழைய உற்பத்தி லைனைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புது லைன் போட்டார்கள். எந்திரம் புதிது என்பதால் மனிதர்களும் புதிதாகவே இருக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்தார்கள். இளமையெல்லாம் ஸ்பிரிங்கோடு சுருண்டு நிமிர்ந்த புருஷோத்தமனிடம் 'ஆபரேட்டர்' பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டு, கழுத்தில் 'ட்ரெய்னி' என்று பச்சை நாடாவில் ஒன்றை மாட்டினார்கள். எதிரே வந்தவனெல்லாம் வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனான்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. ஒரகடத்தில் எந்திரங்களை நிறுத்திக் கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். வீட்டு ஆலைக்கு மட்டும் பூஜை இல்லை என்றால் அது என்ன நியாயம்? புருஷோத்தமன் கேமுக்குள் ஆலையின் மெயின் ஸ்விட்சை அணைத்தார். சுத்தம் செய்யாத எந்திரத்துக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லாததால், அங்கே மின்சாரம் தரும் பாய்லர்களில் கிடந்த நிலக்கரியையும் ஒரு துண்டு விடாமல் அள்ளினார். மானிட்டருக்குச் சந்தனம், கீபோர்டுக்கு எதிரே பொரி.

மறுநாள் ஸ்விட்சைப் போட்டால் ஆலை எழவில்லை. பாய்லரில் கரி போடும் இயந்திரக் கைகள் மின்சாரத்தில் ஓடுபவை. மின்சாரமோ பாய்லரில் கரி விழுந்தால்தான் வரும். பக்தி முற்றி ஒரு ஆலையே படுத்துவிட்டது.

பூஜைக்கு வந்து தங்கியிருந்த மணிகண்டபிரபு பொரியை மென்றுகொண்டே சிரித்தான்.

"இன்னிக்கு விஜயதசமி மாமா. புதுசா ஆரம்பிக்க இத்த வுட்டா நல்ல நாள் ஏது? அழிச்சிட்டுப் போட்டுக்கினே போ."

நாள் நல்ல நாள்தான் என்று கவிப்பிரியாவும் சேர்ந்துகொண்டாள். புருஷோத்தமனின் விரல் ஒரு கணம் ஆலையை அழிக்கும் பொத்தானின் பக்கம் போகவும் செய்தது. அதற்குள் கதவு ஆணியில் தொங்கிய பச்சை நாடா கண்ணில் பட்டது.

"ஏன்டா, ஒரு நாள் மூச்சு நின்னா பொணமா? இவ்ளோ நாள் ஓடுனது கணக்குல வராதா?" என்றார். மச்சானைக் கேட்டாரா, மேனேஜ்மென்டைக் கேட்டாரா என்பது கவிப்பிரியாவுக்குத் தெரியும். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிறகு முதலாளியான அவரே கேமுக்குள் கூலியாளாக இறங்கினார். கையால் கரி வெட்டினார், ஓடினார், ஒவ்வொரு பாய்லரிலும் கொட்டினார். முதலில் ஒரு இயந்திரக் கை நடுங்கியது. அடுத்து இன்னொன்று. பிறகு அந்தக் கோணல் பெல்ட்டுகள் அத்தனையும், ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறியபடி, வழக்கம்போல் ஓடத் தொடங்கின.

புருஷோத்தமன் எழுந்து போய் ஆணியிலிருந்த ட்ரெய்னி பேட்ஜை எடுத்து மச்சான் கழுத்தில் போட்டார்.

"இது ஒனக்குத்தான்டா பொருத்தம். தெனம் புதுசா ஆரம்பிக்கிறவன் நீதான்."

மணிகண்டபிரபு அதைப் பரிசாகவே எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் கம்பெனி பஸ் ஒரகடத்தில் இறக்கிவிட்டது. பேட்ஜ் இல்லாதவரை உள்ளே விட முடியாது என்றார் செக்யூரிட்டி. வெகு நேரம் வாதாடிய பிறகு, பெரிய மனது பண்ணி, 'விசிட்டர்' என்று ஒரு அட்டையைக் கொடுத்தார். தான் தேய்த்த தரைமேலேயே விருந்தாளியாக நடந்துபோய், புருஷோத்தமன் தன் எந்திரத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லைனில் முதல் எந்திரம் அதுதான். அவர் நின்றதால் லைனே நின்றது.

சூப்பர்வைசர் சுப்பிரமணி ஓடிவந்தார். "இன்னா புருஷோத், ஆன் பண்ணு."

"விசிட்டர் மிஷின் மேல கை வெக்கக் கூடாதுன்னு போர்டு கீது சார்."

சுப்பிரமணி பலகையைப் பார்த்தார். மாட்டியவர் அவர்தான். அட்டையைப் பார்த்தார். நின்றுபோன லைனைப் பார்த்தார். பிறகு ஆபீசுக்குப் போன் போட்டு, இவருடைய பழைய ஆபரேட்டர் பேட்ஜ் எந்த டிராயரில் கிடந்தாலும் உடனே எடுத்துவரச் சொன்னார்.

அது வந்து சேரும்வரை புருஷோத்தமன் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.