முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

என் அக்கா வீட்டுக்காரர் பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவர். அங்கே குண்டுச் சிதறல் ஒன்று அவர் காதோரத்திலிருந்து மோவாய்வரை கிழித்து, தாடையையும் உடைத்துவிட்டது. தழும்பு கிடக்கட்டும். வாய்தான் திறக்காது. பதினொரு வருடமாக அக்கா எல்லாவற்றையும் மசித்து டீஸ்பூனில்தான் ஊட்டுகிறாள்.

ஊனப் பென்ஷனுக்காக, ஊனம் எத்தனை சதவீதம் என்று மறுபடி அளக்க ராணுவ ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு நானும் போனேன். சீருடையில் இருந்த டாக்டர் முதலில் தழும்பை டேப் வைத்து அளந்தார். பிறகு சின்ன ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதட்டினார்.

"வாயை நல்லா திற! இன்னும்! இன்னும்!"

அத்தான் விறைத்து நிமிர்ந்தார். தாடை மடக்கென்றது. கண்ணில் தண்ணீர் வழிய, பதினொரு வருடத்தில் நான் பார்க்காத அளவுக்கு அந்த வாய் திறந்தது.

"முப்பத்தெட்டு மில்லிமீட்டர். வலிக்குதா?"

"இல்ல சார்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், வீட்ல டீஸ்பூன் நுழையறதே கஷ்டம் சார்!"

"நான் அளந்ததைத்தான்யா எழுத முடியும்" என்றார் டாக்டர். பழைய நாற்பது சதவீதத்தை அடித்துப் பத்து என்று எழுதினார்.

வெளியே வந்து கத்தினேன். "வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொன்னா என்ன அத்தான்?" அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மத்தியானம் அக்கா டீஸ்பூனோடு எதிரில் உட்கார்ந்தாள். அரை விரல் அளவுகூட வாய் திறக்கவில்லை.

"அங்க மட்டும் எப்படிங்க தொறந்தீங்க?"

அவர் பல்லிடுக்கில் சொன்னார்.

"ஆர்டர் போட்டாங்களே."