கண்ணாடிப் பெட்டியில் உப்புக்கண்டம்

திருச்சுழிக்குக் கிழக்கே வெயிலைத் தேடி யாரும் போவதில்லை. அதுவே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும். அந்த வெயிலை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க, 1971 பங்குனியில் இரண்டு இன்ஜினீயரிங் மாணவர்கள் கடல் கடந்து வந்தார்கள். கிராம சேவக் பூமிநாதன் அவர்களை நேரே அருஞ்சுனை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அருஞ்சுனை இருபது வருஷமாக உப்புக்கண்டம் போட்டு விற்கிறவள். ஆட்டுக்கறியை வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் கட்டுவாள். அருப்புக்கோட்டைச் சந்தையில் அவள் கண்டத்தை மோந்து பார்க்காமலே வாங்குவார்கள். நிலமில்லை, புருஷனில்லை, அவளுக்கு இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

மாணவர்கள் இறக்கியது உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்த மரப்பெட்டி. மேலே கண்ணாடி. ஈ புகக் கூடாதென்று இண்டு இடுக்கெல்லாம் அடைத்திருந்தார்கள்.

“வெயிலு உள்ள வந்துரும்க்கா. வெளியேற முடியாது,” என்றார் பூமிநாதன்.

“கறியில உள்ள தண்ணி?”

“அது ஆவியாப் போயிரும்.”

“எந்த வழியாத் தம்பி போகும்? வெயிலு பாதிதான் காயவைக்கும். மீதியக் காத்துல்ல காயவைக்கிது.”

பூமிநாதன் மொழிபெயர்த்தார். அவர்கள் மகிழ்ந்து தலையாட்டியதைப் பார்த்தால், வேறு எதையோ மொழிபெயர்த்திருக்க வேண்டும்.

கறியைப் பெட்டிக்குள் பரப்பிய முதல் நாள் கண்ணாடி வியர்த்தது. இரண்டாம் நாள் கறி பாதி வெந்து கொழகொழத்தது. மூன்றாம் நாள் தெருநாய் ஒன்று பெட்டியை மோந்துவிட்டுக் கௌரவமாக விலகிப் போனது. மாணவர்கள் மட்டும் மூக்கில் கைக்குட்டையோடு வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். சூடு பிரமாதமாம்.

நாலாம் நாள் மேலதிகாரி ஒருவரும் சந்தை வியாபாரிகளும் பார்வையிட வருவதாக ஏற்பாடு. காலையிலேயே பூமிநாதன் கயிற்றில் காய்ந்த நல்ல கண்டத்தை எடுத்துப் பெட்டிக்குள் பரப்பிவிட்டார். அழுகியது சட்டிக்குள் போனது.

“பெட்டியில காஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா. ஊருக்கு நூறு பெட்டி வரும்.”

“வரும். நூறும் நாறும். எல்லாரும் அருஞ்சுனை கண்டம்னுதான் சொல்லுவாக.”

வந்தவர்கள் பெட்டியைச் சூழ்ந்து நின்றபோது அவள் கண்ணாடியைத் தூக்கினாள். தன் கண்டத்தை முறத்தில் அள்ளி வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்தி, சட்டியை உள்ளே கவிழ்த்தாள்.

“இது பெட்டி செஞ்சதுங்கய்யா. முறத்துல உள்ளது நான் செஞ்சது.”

வியாபாரிகள் தெருமுனை வரை பின்வாங்கினார்கள். அதிகாரிக்கு டவுனில் அவசர வேலை வந்துவிட்டது. ஒரு மாணவன் மட்டும் விடாமல் படம் எடுத்தான்.

மறுவருஷம் அந்த மாணவர்களின் கல்லூரி போட்ட புத்தகம் வந்தது. அதில் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அருஞ்சுனை. அடியில் எழுதியிருந்ததைப் பூமிநாதன் படித்துச் சொன்னார்: புதிய கருவியின் முன் நாணி நிற்கும் கிராமத்துப் பெண்.

“என் பேரு போட்டிருக்கா?”

“இல்லக்கா.”

“அம்புட்டுத்தான் வேணும்,” என்று காறித் துப்பிவிட்டு, கறி அரியப் போனாள்.