சித்தப்பா சப்பிய முள்

கனடாவின் வன்கூவரிலிருந்து வந்த மாமா, மற்ற மாமாக்களைப் போலச் சொக்லேட் கொண்டுவரவில்லை. ஐஸ் பெட்டிக்குள் கிட்டத்தட்ட என் உயரத்துக்கு ஒரு மீன் கொண்டுவந்தார். சினூக் சால்மன், சால்மன்களுக்கெல்லாம் ராசா என்றார். அங்கே மீன் பதனிடும் இடத்தில் அவருக்கு வேலை. மீனைப் பற்றிப் பேசினால் தேவாரம் பாடுகிற குரல் வந்துவிடும். அம்மாவுக்கு ராசாவும் ஒன்றுதான், விரலளவு சூடை மீனும் ஒன்றுதான். முள்ளோடு துண்டு துண்டாக வெட்டிப் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்துவிட்டார்.

பாரிஸ் லா ஷப்பேலில் எங்கள் சின்ன வீட்டில் அன்று விருந்து. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைத்து, நான் பிறந்த பிறகு முதன்முறையாக அப்பா அடுத்த கிழமை யாழ்ப்பாணம் போகவிருந்தார்.

சாப்பாட்டுக்கு நடுவில் மாமா தொடங்கினார்.

“இந்த மீன் கடலெல்லாம் சுத்திப்போட்டு, கடைசியிலை தான் பிறந்த ஆத்துக்குத்தான் போகும். அங்கை முட்டை போட்டிட்டுச் செத்துப்போடும். கரடியள் அதைக் காட்டுக்குள்ளை இழுத்துக்கொண்டு போய்த் தின்னும். மிச்சம் உக்கித்தான் அங்கத்தை மரமெல்லாம் வளருது.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவும் பிறந்த இடத்துக்குத்தானே போகிறார்?

“பிறகு வராதோ, மாமா?”

“வரும் பிள்ளை. அங்கத்தை ஆதிச்சனங்கள் முதல் மீனைச் சாப்பிட்டிட்டு முள்ளு முழுக்க ஆத்திலை விடுவினம். அப்பத்தான் மீன் திரும்பி வருமாம். ஒரு முள்ளுக் குறைஞ்சாலும் குறையோடைதான் வருமாம்.”

உடனே பை ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டுத் தட்டாக முள் பொறுக்கினேன். மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா பூரித்துப்போனார். சித்தப்பாவிடம் போனபோதுதான் விபரீதம் தெரிந்தது. மீன் தலையை அவரிடம் கொடுத்தால் பூனைக்கும் மிஞ்சாது. “நோன்!” என்று பிரெஞ்சில் கத்தினேன்.

“தலையை முள்ளோடை சப்பாமல் பின்னை என்ன செய்யிறது?” என்றபடி விழுங்கிவிட்டார்.

நான் அழுத அழுகையில் விருந்தே குழம்பியது. கடைசியில் அப்பாவின் காதில் மட்டும் காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஸ்தாலின்கிராத் கால்வாய்க்குக் கூட்டிப்போய்ப் பையைக் கவிழ்த்தார்.

“சித்தப்பா திண்டது?”

“அது பரவாயில்லையம்மா. நான் வருவன்.”

வந்தார். விமான நிலையத்திலேயே விரல்களை எண்ணினேன், காதுகளை இழுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தன.

முன்பெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் அப்பா “எங்கடை வீட்டிலை...” என்று ஆரம்பிப்பார். “துவங்கிட்டார்” என்று அம்மா கேலி செய்வார். போய்வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஒருநாள் நானாகவே கேட்டேன்: “எங்கடை வீடு எப்பிடி இருக்கு?”

“அங்கை இப்ப ஒண்டுமில்லையம்மா. சாப்பிடு.”

பயணக் களைப்பாக்கும் என்று நினைத்து, அவர் தட்டிலிருந்த முள்ளை ஒன்றுகூடக் குறையாமல் கவனமாக எடுத்துவைத்தேன்.