ரொசெண்டா எண்ணச் சொன்ன படம்

ரொசெண்டா அல்கசூபாஸ் மாதிரி நெற்பூவைப் பிரிக்க எங்கள் லகுனா நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆள் கிடையாது. பத்தொன்பது வருஷம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவள் நான், தெக்லா. சும்மா புகழ்கிற பழக்கம் எனக்கில்லை. காலை எட்டு மணிக்குள் வயலில் இறங்கி, உறைக்குள் இருக்கும் இளங்கதிரைப் பறித்து வருவாள். மகரந்தப்பைக்குள் செல்கள் பிரிகிற பருவம் அது. தவறவிட்டால் அன்றைய பாடு வீண். சிவப்புச் சாயத்தில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பன்னிரண்டு ஜோடி குரோமோசோம்கள் நடுவில் அணிவகுத்து நிற்கும். பிறகு ஜோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும்.

அவளிடம் கொடுத்திருந்ததோ கோளாறுள்ள நெல். எப்போதோ ஒரு ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டதால், அதில் ஒரு குரோமோசோம் கூடுதல். மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்த பின்னும் சில சமயம் அது மட்டும் நடுவில் திருதிருவென்று விழிக்கும்.

நாற்பத்தொரு வயதில், கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்து, ரொசெண்டா உண்டானாள். புருஷன் கிரிசாந்தோ தான் ஓட்டும் ஜீப்னி வேனில் ஏறிய பயணிகளிடமெல்லாம் சொல்லித் தீர்த்தான். கூடவே அவளுக்கு ஒரு தடையும் போட்டான்.

"மசக்கைக்காரி எதப் பாக்குறாளோ அதுதான் பிள்ளைல படியும். அந்தக் கோணல் நெல்ல இனிமே பாக்காத, சொல்லிட்டேன்!"

"கெடுறதா இருந்தா நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும், போய்யா!" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. நெல் ஒவ்வொரு போகமும் புதிதாகப் பிரிந்து, சீக்கிரமே வேலையை முடித்துவிடும். பெண்ணின் முட்டையில் அப்படியில்லை. அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே பிரிவு தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. நாற்பத்தொரு வருஷம் கைகோத்துக் காத்திருந்த ஜோடி, விட வேண்டிய நாளில் கையை விட்டதா? விடாவிட்டால் பிள்ளைக்கு நாற்பத்தாறுக்குப் பதில் நாற்பத்தேழு; மூளை வளர்ச்சி பிந்தும், இதயத்தில் ஓட்டைகூட இருக்கலாம். மற்ற கர்ப்பிணிகள் இறால் விழுதில் மாங்காயைத் தோய்த்து நிம்மதியாகத் தின்கிறார்கள். இவள் தட்டைத் தள்ளிவைத்தாள். நல்ல நெல்லிலும் ஒன்று கூடுதலாக இருப்பதாகக் குறித்துவைத்தாள். கைதவறிக் கண்ணாடித் தகடுகளை உடைத்தாள்.

"உனக்குப் படிப்பே சனியனாப் போச்சு அக்கா!" என்று கத்தினேன். கத்தாமல் என்ன செய்வது? எனக்கும் பயம்தான்.

நாலாம் மாதம் மணிலா ஆஸ்பத்திரியில் பனிக்குட நீர் எடுத்தார்கள். சோதனை முடிவுக் கடிதத்தோடு பிள்ளையின் குரோமோசோம் படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டு வந்தாள். மூன்று வாரம் தபால்காரன் சைக்கிள் மணி அடித்தாலே வெளிறிப் போவாள். உறை வந்த அன்று அதைப் பிரித்து, கடிதத்தை ஒதுக்கிவிட்டுப் படத்தை மட்டும் என் முன்னால் வைத்தாள்.

"நீ எண்ணுடி. என் கண்ணு எனக்கு வேணுங்கறதத்தான் காட்டும்."

ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. புள்ளி படாமல் ஓரத்தில் இன்னும் ஒன்று கிடந்தது. பென்சிலை மறுபடி முதல் புள்ளிக்குக் கொண்டுபோனேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சரியா வந்திருந்தா ரெண்டாந்தடவ எண்ணுவியாடி?"

எங்கள் வேலையில் யாரும் மறுபடி எண்ணமாட்டோம். சரியாக இருந்தால் அடுத்த செல்லுக்குப் போய்விடுவோம். அவளிடம் எப்படிப் பொய் சொல்வது?

"நாப்பத்தேழு, அக்கா."

படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள். பொடிசுகளில் ஒன்றின் மேல் நகத்தை வைத்தாள். "இத்துனூண்டு," என்றாள்.

"வேற எடத்துல காட்டலாம்க்கா... தப்பா எடுத்திருப்பாங்க..." என்று நான் உளறிக்கொண்டிருந்தேன். அவள் என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளிருந்து லேசாக ஒரு உதை.

"எண்ணிக்கை தெரிஞ்சுபோச்சுன்னு உதைக்கிறத நிறுத்திட்டானா, பாரு," என்றாள். அப்போதுதான் அழுதாள். "பயம் போகலடி தெக்லா. இதுவரைக்கும் இவனப் பாத்துப் பயந்தேன். இனிமே இவனுக்காகப் பயப்படணும்."

வெளியே கிரிசாந்தோ ஜீப்னியின் ஹாரனை அடித்தான். அவனிடம் சொல்ல முதலில் எழுந்தது அவள்தான்.