சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு

றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், சர்ச்சில் கீபோர்ட் வாசிக்கும் ஒருவர் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பிராவை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டார். கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கும். எறும்பு நடந்தாலும் கேட்கும் மைக்தான் வேண்டும் என்று கொழும்புவரை அலைந்து வாங்கிவந்தார். லயத்தில் காம்பிராக்களைப் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடாது என்பது, அங்கேயே பிறந்த மனிதருக்கு ஞாபகம் வரவில்லை.

ஒருநாள் தான் பாடிய கீதத்தை எனக்குப் போட்டுக்காட்டினார். அவர் குரல் சுருதியைத் தேடி அலைந்துகொண்டிருந்தது. பின்னணியில் தேங்காய் துருவும் சத்தத்தோடு ஒரு பெண் அதே கீதத்தை எங்கும் பிசகாமல் பாடினாள்.

“பின்னால பாடுறது யாருங்க?”

“பக்கத்து காம்பிரா அக்காங்க. அந்தக் கரச்சல எடுக்கத்தான் இன்னும் பெரிய கம்ப்யூட்டரா பாக்குறேன்.”

வாங்கியும்விட்டார். மறுபடி என்னைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டினார். அக்காவின் குரல் சுத்தமாகப் போயிருந்தது.

“இப்ப எப்புடிங்க?” என்று கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

கேட்கும்படி இருந்த ஒன்றே ஒன்றையும் இவ்வளவு செலவழித்து நீக்கிய இன்னொரு மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை.