தொப்பிக்கு வேலை போன கதை

துணிக்கடையில் அவருக்குப் பெயர் பொம்மைக்காரர். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது வேலை. கடையில் உருப்படியான பொம்மை ஒன்றுகூட இல்லை. ஒன்றுக்குத் தலை கிடையாது. இன்னொன்று இடுப்போடு முடிந்துவிட்டது. அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். நூலில் ஒரு தொப்பியைத் தொங்கவிடுவார், கொஞ்சம் கீழே ஒரு சட்டை, தரையில் ஒரு ஜோடி ஷூ. தெருவில் போகிறவர்கள் அங்கே ஒரு ஆளையே பார்த்தார்கள்.

"நடுவுல ஒண்ணுமே இல்லையேண்ணே?" என்பார் தையல்காரர்.

"மீதியைப் பாக்கறவன் போட்டுப்பான்."

வீட்டில் இந்தத் தத்துவம் செல்லுபடியாகவில்லை. "பாதிப் பாத்திரம் கழுவி வச்சிருக்கீங்க. மீதியை நான் கண்ணாலயே கழுவிக்கணுமா?" என்பாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் மருமகன் பொறுப்புக்கு வந்தார். வியாபாரம் மந்தம், ஒரு ஆளைக் குறைத்தே ஆகவேண்டும் என்று மாமனார் உத்தரவு. தையல்காரர் இல்லாமல் ஆகாது; கல்லாவில் இருப்பவர் மாமனாருக்குச் சொந்தம். மிஞ்சுவது பொம்மைக்காரர்தான். அது அவருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் சீக்கிரமே வந்து மும்முரமாக வேலையில் இறங்கினார். நாற்காலிக்கு முன்னால் நூலில் கட்டிய செய்தித்தாள். அதன் இரண்டு ஓரத்திலும் கையுறை, மேலே தொப்பி, கீழே தொங்கும் கால்சட்டை, ஷூ. நூல் தீர்ந்துபோய் திரைக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தபோது மருமகன் நுழைந்தார்.

"வேலை நேரத்துல பேப்பரா? எழுந்திருய்யா!"

பேப்பர் அசையவில்லை.

"திமிரைப் பாரு! நாளையிலேர்ந்து கடைப்பக்கமே வராத!" அதே சூட்டோடு போனை எடுத்தார். "மாமா, ஒருத்தனைத் தூக்கிட்டேன். சரியான சோம்பேறி. வாயே திறக்கல மாமா, தப்பு அவன் பேர்லதானே!"

அந்தப்பக்கம் பாராட்டு கிடைத்திருக்க வேண்டும். மருமகனின் முதுகு நிமிர்ந்தது. அப்போது மின்விசிறிக் காற்றில் பேப்பர் விலகியது. பின்னால் வெறும் நாற்காலி.

திரை இடுக்கில் பொம்மைக்காரர் தலையை மட்டும் நீட்டினார். மருமகன் பதறிப்போய், அந்தத் தலைக்குக் கீழே உடம்பு இருக்கிறதா என்று தேடினார்.

"அண்ணே," மருமகன் அப்படிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. "மாமாகிட்ட சொல்லித் தொலைச்சிட்டேனே!"

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் சார்." பொம்மைக்காரர் நாற்காலியைக் காட்டினார். "இவனே போகட்டும்."

இரண்டு பேருமாகத் தொப்பியையும் ஷூவையும் கழற்றி உள்ளே வைத்தார்கள்.

மாலையில் மாமனார் வந்தார். காலி நாற்காலியை ஒரு தடவை முறைத்துப் பார்த்தார்.

"இவன்தானா? எனக்கு அப்பவே தெரியும் மாப்ள. அவன் உக்கார்ற தினுசே சரியில்ல."