இரண்டு பக்கத்து இழுப்பு

எங்கள் வம்சத்தில் தலைமுறை தலைமுறையாகக் காணி நிலம் எதுவும் வந்ததில்லை. மூச்சிழுப்பு மட்டும் தவறாமல் வந்தது. அப்பாவின் அப்பாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு வந்தது, பிறகு எனக்கு. அண்ணனுக்கு இழுப்பு இல்லை, ஆனால் பஞ்சைக் கண்டால் தும்மித் தீர்ப்பான். வெண்ணந்தூரில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்துவிட்டுப் பஞ்சுக்கு எங்கே தப்புவது!

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம், ராசிபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பு வந்த இடமெல்லாம் இழுப்பைக் கேள்விப்பட்டுத் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் நான் கடைசிவரை வீட்டோடுதான் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் அப்பாவின் மூச்சுச் சத்தம் யார் காதிலும் விழக் கூடாதென்று அவரைத் தறிக்கொட்டகையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். பஞ்சுத்தூசி பறக்கிற இடத்தில், போயும் போயும்! "அவரு சேலத்துக்கு நூல் வாங்கப் போயிருக்காருங்க" என்று வந்தவர்களிடம் கூசாமல் சொன்னாள். பெற்றவரை ஒளித்துவைத்துவிட்டு ஒரு கல்யாணமா?

பாவு நூல் விறைக்கப் போட்ட கஞ்சி புளித்து வீடே நாறியது. அதை மறைக்க அம்மா கைநிறையச் சாம்பிராணி அள்ளிப் போட்டாள். அங்கேதான் கெட்டது காரியம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நான் இருமுவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா இருமிவிட்டார். அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, 'கொய்ங்' என்று இழுத்தார். எனக்குத் தெரியாத சத்தமா அது!

கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது. தனக்கென்று வைத்திருந்த ஆடாதொடைக் கசாயத்தோடு, தானும் இழுத்துக்கொண்டே அப்பா ஓடிவந்தார். "சூடா ஒரு முழுங்கு குடிங்க சாமி, இப்ப அடங்கீரும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு வீட்டுக் குட்டும் வெளிப்பட்டுவிட்டது, யாரை யார் கோபித்துக்கொள்வது? மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எழுந்துவிட்டார். "ரெண்டு பக்கமும் இருக்குதுங்களே. பொறக்கற கொழந்தைக்கு வராம இருக்குமுங்களா?"

பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாய் திறக்கக் கூடாது. நான் திறந்தேன்.

"வந்தா வரட்டுமுங்க. வந்தா என்ன செய்யோணும்னு தெரிஞ்ச தாத்தா ரெண்டு பக்கமும் இருக்காங்களேங்க!"

அப்பா சிரித்தார். சிரித்ததில் மறுபடி இழுப்பு கிளம்பியது. என் வருங்கால மாமனார் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "மெதுவாங்க, மெதுவா" என்றார். "மூச்சு சீராவட்டும், வெத்தலத் தட்டை மாத்திக்கலாமுங்க சம்பந்தி."